எண்ணெயும் தண்ணீரும் சேருமிடம்

சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு வட்டாரத்துத் தோட்டக் கிணறுகளில் கமலை ஓய்ந்து ஆயில் என்ஜின் குடியேறிய காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. ஓடிக்கொண்டிருந்த என்ஜின் திணறும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ ராஜபாளையத்திலிருந்தோ மெக்கானிக் வருவார். வந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்ப்பது. கறுத்திருக்க வேண்டிய எண்ணெய் பால் விட்ட காபியின் நிறத்தில் நுரைத்திருந்தால் அவர் வேறெதையும் ஆராய மாட்டார். ஹெட் கேஸ்கட் போய்விட்டது. என்ஜினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்கிவிட்டது. உரிமையாளரின் முகம் வாடிப்போகும்.

ஒட்டாத உறவுக்கு எண்ணெயையும் தண்ணீரையும் உவமை சொல்வது நம் வழக்கம். அந்தக் கம்பியின் நுனியில் இருந்ததோ அவை இரண்டும் பிரிக்க முடியாமல் கலந்த கலவை. ஏன் கலந்தன? கலந்த பிறகு ஏன் பிரிய மறுக்கின்றன? எப்போது எண்ணெய்க்குள் தண்ணீர் ஒளியும், எப்போது தண்ணீருக்குள் எண்ணெய் ஒளியும்? இந்தக் கேள்விகளோடு தம் ஆராய்ச்சி வாழ்வைத் தொடங்கிய ஓர் இந்தியர், பின்னாளில் இந்த நாட்டின் அறிவியல் ஆய்வகங்களையே வரிசையாக நிறுவினார். ஆண்டுதோறும் அறிவியலாளர்களுக்கு வழங்கப்பட்டுவந்த பரிசின் வழியாக அவருடைய பெயர் நமக்குப் பழக்கம். அந்தப் பெயருக்குப் பின்னிருந்த மனிதர் அந்த அளவுக்குப் பழக்கமில்லை. அவர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர்.

1894 பிப்ரவரி 21 அன்று, இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்ற பஞ்சாப் சிற்றூரில் பிறந்தார். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். தாய்வழிப் பாட்டனார் வீட்டில், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் சிக்கந்தராபாத்தில் வளர்ந்தார். ஐதராபாத்தை ஒட்டிய செகந்தராபாத் வேறு. இது புலந்த்ஷஹர் மாவட்டத்து ஊர். பாட்டனார் பொறியாளர். அந்த வீட்டில் கருவிகளும் கட்டுமான வரைபடங்களும் கிடந்தன; பேரன் அவற்றை வைத்து விளையாடினான். மின்கலங்கள் செய்வதும் நூல் கட்டிய தொலைபேசி செய்வதும் அவனுக்குப் பொழுதுபோக்கு. அதே குடும்பத்தின் முன்னோரில் ஒருவர் மிர்சா காலிபின் நண்பரும் மாணவருமான உருதுக் கவிஞர். பட்நாகரிடம் இந்த இரண்டு மரபுகளும் கடைசிவரை சேர்ந்தே இருந்தன. ஆய்வுக்கூடத்தில் இருந்தவாறே உருதுக் கவிதை எழுதினார். கல்லூரி நாட்களில் நாடகம் எழுதிப் பரிசு பெற்றார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் வாழ்த்துப் பாடல் அவர் இயற்றியதே.

தந்தையின் நண்பர் ஒருவர் லாகூரில் தலைமையாசிரியர். அவர் சிறுவனைத் தம் ஊருக்கு அழைத்துச் சென்று படிக்கவைத்தார். பின்னர் தம் மகள் லாஜவந்தியையே மணம் செய்து கொடுத்தார். பதினேழு வயதில், வெல்லப்பாகையும் கரிப்பொருளையும் அழுத்திச் சூடேற்றி மின்கலத்துக்கான கரித்தண்டு செய்யலாம் என்று அலகாபாத் பத்திரிகை ஒன்றுக்குப் பட்நாகர் எழுதி அனுப்பினார். கையருகே மலிவாகக் கிடைக்கும் பொருளிலிருந்து விலையுயர்ந்த இறக்குமதிப் பொருளுக்கு மாற்று தேடுவது அன்றே அவருடைய குணம்.

1919-இல் முதுகலைப் பட்டம். லாகூர் தயாள் சிங் அறக்கட்டளை உதவித்தொகை தந்து அமெரிக்காவுக்கு அனுப்பியது. லண்டன்வரை போனவருக்கு மேற்கொண்டு கப்பலில் இடம் கிடைக்கவில்லை. முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பும் அமெரிக்கச் சிப்பாய்களுக்கே எல்லா இடங்களும் ஒதுக்கப்பட்டிருந்தன. லண்டனிலேயே படிக்க அறக்கட்டளை இசைந்தது. யுனிவர்சிட்டி கல்லூரியில் பேராசிரியர் டோனனிடம் சேர்ந்தார். எண்ணெய்த் துளியை நுண்குழாய் வழியே காரநீருக்குள் விட்டு, அது எப்படிச் சிதறுகிறது என்று இளமையிலேயே அளந்து பார்த்தவர் டோனன். மாணவருக்கும் அந்தத் துறையே வாய்த்தது. கப்பலில் ஓர் இடம் கிடைத்திருந்தால் பட்நாகர் வேறு துறைக்குப் போயிருக்கக்கூடும்.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கலை நம் அடுப்படியிலிருந்தே விளக்கலாம். பால் என்பது தண்ணீருக்குள் மிதக்கும் கொழுப்புத் துளிகள். வெண்ணெய் என்பது கொழுப்புக்குள் சிறைப்பட்ட தண்ணீர்த் துளிகள். நூறு பங்கில் ஏறத்தாழ பதினாறு பங்கு தண்ணீர். கடையும்போது ஏதோ ஒரு கணத்தில் உள்ளிருந்தது வெளியேயும் வெளியிருந்தது உள்ளேயும் மாறுகிறது. பாலுக்கும் பால்கோவாவுக்கும் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூரில் மத்துப் பிடித்த எந்தக் கைக்கும் அந்தக் கணம் தெரியும். மத்தின் பாரம் திடீரென்று மாறும். இந்தத் தலைகீழ் மாற்றம் எப்போது, எதனால் நிகழ்கிறது என்பதைத்தான் பட்நாகர் ஆராய்ந்தார்.

மாற்றம் நிகழ்ந்த கணத்தைக் கண்டறிய அவர் பயன்படுத்திய வழி எளிமையானது. தண்ணீர் வெளியே இருக்கும் கலவையில் மின்சாரம் பாயும். எண்ணெய் வெளியே இருந்தால் பாயாது. ஆகவே கலவைக்குள் இரு மின்வாய்களை வைத்து உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போனால், மின்னோட்டம் அறுந்து விழும் இடமே தலைகீழ் மாறும் இடம்.

கிடைத்த விடை சோப்பில் இருந்தது. சாதாரண சோடியம் சோப்பு தண்ணீரில் கரையும். எண்ணெய்த் துளிகளைத் தண்ணீருக்குள் நிறுத்திவைக்கும். கையில் எண்ணெய்ப் பிசுக்கு போவது இப்படித்தான். கால்சியம், அலுமினியம் போன்றவற்றின் சோப்புகள் தண்ணீரில் கரையா. எண்ணெயோடு சேர்ந்துகொண்டு தண்ணீர்த் துளிகளை எண்ணெய்க்குள் பூட்டும். ஒற்றை மின்னேற்றம் கொண்ட சோடியத்தின் இடத்தை, இரட்டை, மும்மை மின்னேற்றம் கொண்ட உலோகங்கள் பிடிக்கும்போது கலவை புரண்டுபோகிறது. உப்புக்கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் பிரிவதும் இதே உலோகங்களின் வேலை. கலங்கிய குடத்தில் படிகாரத்தைச் சுழற்றினால் சேறு அடியில் படிவதற்கும் படிகாரத்திலுள்ள மும்மை மின்னேற்ற அலுமினியமே காரணம். 1921-இல் இந்த ஆய்வுக்காக லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் அளித்தது.

என்ஜினுக்குத் திரும்புவோம். ஒரு லிட்டர் எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரும் பிறக்கிறது என்பது பலரும் அறியாத செய்தி. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். சிறிதளவு பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே கீழே எண்ணெய்த் தொட்டிக்கு இறங்கும். என்ஜின் நன்றாகச் சூடேறி ஓடினால் அதுவும் ஆவியாகிவிடும். இரண்டு தெரு தள்ளியுள்ள கடைக்கு மட்டும் போய்த் திரும்பும் வண்டியில் அது தங்கிவிடும். இன்றைய என்ஜின் எண்ணெய்களில் கரியும் அமிலமும் படியாமல் காக்கச் சேர்க்கும் பொருள்களில் முக்கியமானவை கால்சியம், மக்னீசியம் உப்புகள். எண்ணெயில் கரையும் ஒருவகைச் சோப்புகள் அவை. அவை எண்ணெயைத் தூய்மையாக வைக்கின்றன. கேஸ்கட் கிழிந்து தண்ணீர் இறங்கினால் அந்தத் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளவும் துணைபோகின்றன. பட்நாகர் என்ஜின் எண்ணெயைக் கண்டுபிடித்தவர் அல்லர். மெக்கானிக்கின் கம்பி நுனியில் தெரியும் அந்தப் பால்நிறத்தின் காரணத்தை ஆரம்ப காலத்திலேயே அளந்து பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

லண்டனிலிருந்து திரும்பிக் காசியில் மூன்றாண்டுகள் பணியாற்றினார். 1924-இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழக வேதியியல் ஆய்வுக்கூடங்களின் இயக்குநரானார். பதினாறு ஆண்டுகள் அங்கேதான். பொருள்களின் காந்தப் பண்பை வைத்து அவற்றின் வேதியியலைப் படிக்கும் துறையில் உலகப் பெயர் பெற்றது அப்போதுதான். 1928-இல் மாத்தூர் என்ற சகாவுடன் அவர் வடிவமைத்த காந்தத் தராசை லண்டன் நிறுவனம் ஒன்று தயாரித்து விற்றது. ஆனால் நம் கதைக்கு முக்கியமானது ராவல்பிண்டியிலிருந்து வந்த ஒரு சேற்றுப் பிரச்சினை.

நம் ஊர் போர்வெல் லாரி காற்றை அடித்து மண்ணை வெளியே தள்ளுவதைப் பார்த்திருக்கிறோம். பெட்ரோலியக் கிணறு தோண்டுவோர் சேற்றைப் பயன்படுத்துவார்கள். நயமான களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே உள்ளே செலுத்த, அது துளைமுனையைக் குளிரவைத்து, வெட்டுத்தூளை வாரிக்கொண்டு மேலே வரும். அடியிலிருந்து பீறிட முயலும் வாயுவையும் எண்ணெயையும் தன் எடையால் அழுத்தி வைக்கும். ராவல்பிண்டிப் பகுதியில் அட்டாக் ஆயில் நிறுவனம் துளையிட்டபோது இடையில் உப்புநீர் ஊற்று குறுக்கிட்டது. உப்பு பட்டதும் சேறு கட்டிதட்டி இறுகியது. துளையிடும் வேலை நின்றது. நிறுவனம் பட்நாகரிடம் வந்தது.

பொறியாளர்கள் இதை இயந்திரச் சிக்கலாகப் பார்த்திருந்தனர். பட்நாகருக்கோ இது லண்டனில் பார்த்த அதே நாடகம். களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நீரில் மிதக்கின்றன, உப்பின் மின்னேற்றம் அந்த விலக்கலைக் குலைத்துவிடுகிறது, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. துகளைச் சுற்றி ஒரு மெல்லிய உறை போர்த்திவிட்டால் உப்பு என்ன செய்யும்? அவர் சேர்த்தது இந்திய மரப்பிசின். விளக்குக் கரியை நீரில் நிறுத்தி மை காய்ச்சிய நம் முன்னோர் கோந்தை எதற்காகச் சேர்த்தார்களோ, அதற்காகவே. சேறு இளகியது, நிலைத்தது. துளையிடும் வேலை மீண்டும் தொடங்கியது.

இதற்குப் பின் நடந்ததே, பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என்னை அதிகம் ஈர்க்கும் பகுதி. அந்த எண்ணெய் நிறுவனத்தோடு தொடர்புடைய லண்டன் ஸ்டீல் பிரதர்ஸ் மகிழ்ந்துபோய், பெட்ரோலியம் தொடர்பான ஆராய்ச்சிக்காக அவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் தர முன்வந்தது. 1930களில் அது ஒரு குடும்பத்தைத் தலைமுறைகளுக்கு நிமிர்த்திவிடக்கூடிய தொகை. பட்நாகர் அதைப் பல்கலைக்கழகத்தின் வழியாக ஆராய்ச்சிக்கே தரச் சொன்னார். பெட்ரோலிய ஆராய்ச்சிக்கு ஒரு துறை உருவானது. மெழுகின் வாடையைப் போக்குவது, மண்ணெண்ணெய் விளக்கின் சுடரை உயர்த்துவது என்று வேலைகள் தொடர்ந்தன. நிறுவனம் பின்னர் தொகையையும் கூட்டியது. ஐந்தாண்டு என்ற கால அளவையும் பத்தாண்டாக நீட்டியது.

இதைத் தியாகம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுவது அவருடைய கூர்மையைக் குறைத்து மதிப்பிடுவதாகும். கண்டுபிடித்தவரின் பையில் விழும் பணம் ஒருமுறை விழும். ஆய்வுக்கூடத்தில் விழும் பணம் பத்து மாணவர்களை உருவாக்கும். அவர்கள் அடுத்த சிக்கலைத் தீர்ப்பார்கள். அடுத்த நிறுவனம் வந்து கதவைத் தட்டும். சர் கங்கா ராமுக்காகக் கரும்புச் சக்கையிலிருந்து மாட்டுத் தீவனம், நெசவாலைகளுக்கும் எண்ணெய் ஆலைகளுக்கும் ஆலோசனை என்று அவர் செய்தவை பல. அந்த வேலைகளிலும் தமக்கெனப் பணம் கேட்பதைவிடப் பல்கலைக்கழக ஆய்வு வசதிக்குக் கேட்பதே அவர் வழக்கம்.

இரண்டாம் உலகப் போர் இந்தக் கணக்கைத் தேசத்தின் கணக்காக மாற்றியது. கப்பல் போக்குவரத்து தடைபட, இறக்குமதியை நம்பியிருந்த தொழில்கள் தவித்தன. 1940 ஏப்ரலில் அறிவியல், தொழில் ஆராய்ச்சி வாரியம் அமைந்தது. அதன் தலைவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் வணிகத் துறையை வைத்திருந்த நம் ஆற்காடு ராமசாமி முதலியார், இயக்குநர் பட்நாகர். ஆண்டுச் செலவுக்கு ஐந்து லட்சம் ரூபாய். கல்கத்தா அலிப்பூர் சோதனைச் சாலையில் வேலை தொடங்கியது.

அங்கே தேடப்பட்டவற்றில் ஒன்று, தாவர எண்ணெய்க் கலவைகளை என்ஜின் எரிபொருளாகவும் மசகாகவும் பயன்படுத்தும் வழி. கரியும் விளக்கெண்ணெயும் சேர்ந்த வண்டி மையை மாட்டுவண்டி அச்சில் தடவிப் பழகிய நாட்டுக்கு யோசனை புதிதல்ல. ஆனால் தாவர எண்ணெயில் கொழுப்பு அமிலம் உண்டு. சூட்டில் அது கெட்டுப் பிசினாகும். தண்ணீரோடும் எளிதில் உறவு கொள்ளும். தம் பழைய ஆய்வேட்டின் கேள்விகளே ராணுவ லாரியின் வடிவில் திரும்பி வந்ததாக அவருக்குத் தோன்றியிருந்தால் வியப்பில்லை. பூச்சிக்கொல்லியான பைரித்ரத்தைத் தண்ணீரில் கலக்கவைக்கும் பொருளும் அந்தக் குழுவின் ஆக்கமே.

கண்டுபிடிப்புகளிலிருந்து வரும் உரிமத்தொகை அரசுக் கருவூலத்தில் கரைந்துவிடாமல், தனி நிதியாகச் சேர்ந்து மீண்டும் ஆராய்ச்சிக்கே போகவேண்டும் என்ற கொள்கை அரசால் ஏற்கப்பட்டது. லாகூரில் அவர் தனியாளாகக் கடைப்பிடித்தது இங்கே விதியானது. 1941 நவம்பரில் முதலியார் மத்தியச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, ஆண்டுக்குப் பத்து லட்சமாக ஐந்தாண்டுகளுக்குத் தொழில் ஆராய்ச்சி நிதியைப் பெற்றார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 26 அன்று அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம் பிறந்தது. இன்று சி.எஸ்.ஐ.ஆர். என்று நாம் அறிவது அதுவே.

1943-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். 1946-இல் மனைவி மறைந்தார். அவர் நினைவாகப் பட்நாகரின் உருதுக் கவிதைகள் லாஜவந்தி என்ற பெயரில் நூலாயின. மறு ஆண்டு பிரிவினை. அவர் படித்த, கற்பித்த, மணம் புரிந்த லாகூரும், சேற்றைத் தெளியவைத்த எண்ணெய் வயல்களும் எல்லைக்கு அப்பால் போயின.

விடுதலைக்குப் பின் நேருவின் ஆதரவோடு ஆய்வகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. தெற்கே நமக்கு நெருக்கமானது காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணனால் திறந்துவைக்கப்பட்டது. அதே மாதத்தில்தான் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் திறக்கப்பட்டது. பெருநகரம் எதற்கும் அருகில் இல்லாத வறண்ட செட்டிநாட்டு மண்ணில் ஒரு தேசிய ஆய்வகம் அமையும் என்று அதற்குமுன் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு முரணைச் சொல்லாமல் விட முடியாது. தொழிற்சாலைப் பணத்தால் பல்கலைக்கழகத்தை வளர்த்தவர், அரசுப் பணத்தால் பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஆய்வகங்களை வளர்த்தார். மேகநாத் சாகாவும் சி.வி. ராமனும் இந்தத் திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தார்கள். நல்ல ஆய்வாளர்களும் நல்ல கருவிகளும் ஆய்வகத்துக்குப் போனால், பல்கலைக்கழகத்தில் மிஞ்சுவது கரும்பலகையும் தேர்வுத்தாளும்தான் என்ற அச்சம் பொய்யல்ல. மாவட்டக் கல்லூரிகளின் வேதியியல் கூடங்களில் ஆண்டுதோறும் அதே உப்பை அதே வரிசையில் பகுத்துப் பார்த்துத் தேர்வெழுதும் மாணவர்களைப் பார்த்துவந்த எனக்கு, சாகாவின் கவலையே கூடுதல் நியாயமாகப் படுகிறது. ஆனால் போருக்குப் பிந்தைய வறிய நாட்டில், சிதறிக் கிடந்த பல்கலைக்கழகங்களுக்குப் பணத்தைப் பகிர்ந்து கொடுத்திருந்தால் தொழிலுக்குத் தேவையான ஆய்வு நடந்திருக்குமா என்ற எதிர்க்கேள்விக்கும் எளிய பதில் இல்லை. 1953-இல் பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கியபோது அதன் முதல் தலைவர் பட்நாகர்தான். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு அது. காலம்தான் இல்லை.

எண்ணெய் அவரைக் கடைசிவரை விடவில்லை. இயற்கை வளம், அறிவியல் ஆராய்ச்சித் துறையின் செயலாளராக இருந்த அவர், 1951-இல் அந்நிய எண்ணெய் நிறுவனங்களோடு சுத்திகரிப்பு ஆலைகள் அமைப்பதுபற்றிப் பேசும் தனிநபர் ஆணையமாக நியமிக்கப்பட்டார். ஸ்டான்வாக், பர்மா ஷெல், கால்டெக்ஸ் ஆகிய மூன்றும் ஆலை அமைக்க இசைந்தன. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நாட்டுடைமை ஆக்குவதில்லை என்ற உறுதியை அரசு கொடுக்கவேண்டியிருந்தது. கச்சா எண்ணெயை எங்கே, என்ன விலைக்கு வாங்குவது என்பதும் பெரிதும் அவர்கள் கையிலேயே இருந்தது. பின்னாளில் பொருளியலாளர்கள் இந்த நிபந்தனைகளைக் கடிந்துகொண்டது சரியே. அன்று நம்மிடம் முதலும் இல்லை, நுட்பமும் இல்லை, பேரம் பேச இன்னொரு வாசலும் இல்லை என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். 1970களில் அந்த மூன்று நிறுவனங்களும் அரசின் கைக்கு வந்தன.

சுத்திகரிப்பு ஆலைக்குள் நுழையும் கச்சா எண்ணெய்க்குச் செய்யப்படும் முதல் சிகிச்சை, அதற்குள் பூட்டிக்கிடக்கும் உப்புத்தண்ணீரைப் பிரிப்பது. சூடாக்கி, பிரிப்பான் மருந்தைச் சொட்டி, மின்புலத்தின் ஊடே செலுத்தினால் நுண்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்து அடியில் இறங்கும். எண்ணெய்க்குள் தண்ணீர், அதைப் புரட்ட உப்பும் மின்சாரமும்: 1920-இல் லண்டன் ஆய்வுக்கூடத்து மேசைமேல் இருந்தவை, இங்கே தொழிற்சாலை அளவில்.

டிராம்பேயில் ஸ்டான்வாக் ஆலை 1954-இல் ஓடத் தொடங்கியது. பர்மா ஷெல் ஆலை 1955-இலும் விசாகப்பட்டினத்துக் கால்டெக்ஸ் ஆலை 1957-இலும் வந்தன. கடைசி இரண்டையும் அவர் பார்க்கவில்லை. 1955 ஜனவரி 1 அன்று புதுதில்லியில் மாரடைப்பால் காலமானார். அறுபத்தொரு வயது நிறைய இன்னும் ஏழு வாரங்கள் இருந்தன.